வளையலிலிருந்து வட்டாட்சியர் சான்று வரை

சென்னை கிறித்தவக் கல்லூரி நகர நெரிசலை விட்டு 1937-இல் தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்ததும், 1949-இல் சி. ராஜம் தம் சொந்தச் செல்வத்தைக் கொண்டு குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவியதும் தென்சென்னைப் புறநகரை உயர்கல்விக்குரிய இடமாக்கின. பட்டியல் சாதி மாணவர்க்கென 1944-இல் தொடங்கப்பட்ட உதவித்தொகை போன்ற சில அரசு ஏற்பாடுகள் இருந்தபோதிலும், ஏனைய ஏழை மாணவர் பலருக்குக் கட்டணம் என்பது குடும்பத்தின் நகையோடு பிணைந்த பிரச்சினையாகவே நீடித்தது.

1950-களின் நடுவில் எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்த அப்துல் கலாமுக்குச் சேர்க்கைச் செலவாக ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய அக்கா சொஹ்ரா தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதும், வடிவமைப்புப் பணியை மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று இயக்குநர் சீனிவாசன் பின்னர் எச்சரித்தார் என்பதும் கலாமின் தன்வரலாற்றில் பதிவாகியுள்ளன. பணமாகக் கைக்கு வந்த உதவித்தொகை, தகுதியைக் காட்டிக்கொண்டே இருந்தால்தான் நிலைத்தது. பிற்காலக் கட்டண விலக்கோ வேறு வகையானது: மாணவரின் கைக்குப் பணம் வராது, அவர் செலுத்த வேண்டிய தொகையை அரசு கல்லூரிக்கு ஈடுசெய்யும்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள், அதாவது அரசு மானியமின்றிக் கட்டணத்தாலேயே நடப்பவை, வண்டலூரின் கிரசென்ட் முதலாக ஜி.எஸ்.டி. சாலை நெடுகப் பெருகியபோதுதான் இத்தகைய விலக்கின் தேவை பெரிதாயிற்று. அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை வகுப்புகளுக்கான கற்பிப்புக் கட்டணம் 2007-08-இல் நீக்கப்பட்டது. 2010-இல் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை வந்தது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில், அதாவது அரசே மதிப்பெண் வரிசைப்படி இடம் ஒதுக்கும் முறையில், தொழிற்கல்விக்குச் சேர்ந்தவருக்குச் சாதியோ வருமானமோ பாராமல் கிடைத்த இச்சலுகை, சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுக்கு 20,000 ரூபாயாகத் தொடங்கியது.

இதற்கான சான்றிதழே ஒரு தனி வரலாறு. பெற்றோர், பாட்டன் பாட்டி, உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறவில்லை என்று வட்டாட்சியர் அலுவலகம் சான்றளிக்க வேண்டியிருப்பதால், படிப்பைப் பாதியில் விட்ட அண்ணனின் பழைய மாற்றுச் சான்றிதழையும் தேடியெடுக்க வேண்டியதாயிற்று. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே சலுகை என்பதால், அடுத்துப் படிக்க வரும் தங்கைக்கு அது இல்லை. மேலும், கலந்தாய்வுக்கு வெளியே தாமே மாணவரைச் சேர்க்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு இச்சலுகை பொருந்தாது. கிரசென்டும் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மும் ஏற்கெனவே அந்நிலைக்கு உயர்ந்திருந்ததால், புறநகரின் பெரிய கல்லூரி வாசல்கள் சில தொடக்கம் முதலே இதன் எல்லைக்கு வெளியே இருந்தன. விலக்கு மாணவரைத் தொடர்வதாகத் தோன்றினாலும், உண்மையில் அது சேர்க்கை முறையைத்தான் தொடர்கிறது.

கற்பிப்புக் கட்டணம் என்ற சொல்லுக்குள் விடுதியும் சாப்பாடும் அடங்காமை நெடுங்காலக் குறையாகவே இருந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குச் சேர்வோரின் கற்பிப்பு, கலந்தாய்வு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டபின், 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பாக உள்ள எம்.ஐ.டி.யில் அவ்வொதுக்கீட்டில் சேர்பவர் இம்மூன்றில் எதையும் செலுத்துவதில்லை.