சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகள்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக உருவான பாடசாலைகள் இவை. இன்று இவை அரச பாடசாலைகள். ஆயினும் தோட்ட நிருவாகத்தின் ஒரு சிறு கிளையாகத் தொடங்கியவை என்பதை மறந்தால் இவற்றின் வரலாறு பிடிபடாது. ஆசிரியரின் சம்பளம், மாணவனின் வரவு, பெற்றோரின் வேலை மூன்றும் நீண்ட காலம் தோட்ட அத்தியட்சகரான துரையின் கையிலேயே இருந்தன.

நுவரெலியாவில் தோட்டங்கள் மலைக்கு மலை ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும். சப்ரகமுவவில் அப்படியில்லை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில் சிங்களக் கிராமங்களும் வயல்களும் இடைப்பட, தமிழர் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) சிதறலாகவே அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. அதே காலத்தில் இறப்பரும் பெருகியது. பள்ளிகளின் அளவையும் பிற்காலத் தேக்கத்தையும் லயங்கள் இவ்வாறு சிதறிக் கிடந்ததே பெரிதும் தீர்மானித்தது.

தொடக்கப் பள்ளிகள், தொழிலாளரை மேற்பார்த்த கங்காணிமாரின் ஆதரவில், வேலை முடிந்தபின் லயத்திலோ கோயிலடியிலோ நடந்த இராப்பள்ளிக்கூடங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் வாத்தியார். கிறித்தவ சபைகளில், 1850களில் தோட்டத் தொழிலாளருக்கென அமைந்த தமிழ் கூலி மிஷன் பள்ளி நடத்துவதிலும் ஈடுபட்டது. தோட்ட முதலாளிகளின் அக்கறை குறைவு. எழுத்தறிந்த பிள்ளை கொழுந்துக் கூடையைத் தூக்காது என்ற அச்சம் அவர்களிடையே பரவலாக இருந்தது.

கல்வி பற்றி ஆராய்ந்த 1905ஆம் ஆண்டின் வேஸ் ஆணைக்குழுவுக்குப் பின் வந்த 1907ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைக் கட்டளைச் சட்டமே தோட்டப் பிள்ளைகளின் கல்வியைக் கடமையாக்கிய முதற் சட்டம். ஆறு முதல் பத்து வயது வரையானோருக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட அத்தியட்சகர்மீது அது சுமத்தியது. தகுதியான ஆசிரியரும் பள்ளி அறையும் வேண்டுமென 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் மேலும் வலியுறுத்தியது. நடைமுறையில் அமைந்ததோ ஓர் அறை, ஓர் ஆசிரியர், மூன்று நான்கு வகுப்புகள். அந்த ஆசிரியருக்குச் சம்பளம் தோட்டக் கணக்கிலிருந்து, குடியிருப்பு தோட்ட லயத்தில். நேரம் கிடைத்தால் தோட்டத்துக் கடிதம் எழுதும் வேலையும் அவர் தலையில். பரிசோதகர் வரும் நாளில் கல்வித் திணைக்களத்துக்குப் பதில் சொன்னார், மற்ற நாட்களில் துரைக்குப் பதில் சொன்னார்.

பிள்ளையின் பள்ளி நாளை வகுத்ததும் தோட்டத்தின் நேரந்தான். விடியலில் தாய் பிரட்டுக்கோ (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) இறப்பர்ப் பால்வெட்டுக்கோ போய்விடுவாள். கைக்குழந்தை தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவத்துக்குப் போகும்; மடுவம் இல்லாத இடத்தில் மூத்த பெண்பிள்ளையே வீட்டில் நின்று தம்பி தங்கைகளைப் பார்ப்பாள். தோட்டப் பெண்களின் எழுத்தறிவு நெடுங்காலம் பின்தங்கியதற்குப் பெற்றோரின் ‘அறியாமை’யைச் சொல்வது அந்நாள் அறிக்கைகளின் வழக்கம். பிள்ளைமடுவத்தையும் வேலை நேரத்தையும் அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்?

வேலை போனால் லயம் போகும், லயம் போனால் பள்ளியும் போகும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படைப் பலவீனம். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டம் இதற்குச் சான்று. அதனைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசு சுவீகரித்தபோது அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேறப் பணிக்கப்பட்டன. அதை எதிர்த்து 1946 ஜூனில் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதற்கு முந்திய ஆண்டில்தான் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் முழுப்பயன் தோட்டப் பள்ளிகளை எட்டவில்லை. அவற்றை அரச அமைப்புக்குள் கொண்டுவர 1947இல் செய்த சட்டத் திருத்தமும் ஏட்டளவில் நின்றது. மறு ஆண்டில் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இந்தப் பெற்றோரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் வெளியே விடப்பட்டன.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. பள்ளிகளைப் பரவலாகப் பொறுப்பேற்பது 1977இல் தொடங்கி 1980களில் பெரும்பாலும் முடிந்தது. ஆனால் சப்ரகமுவவில் அந்த ஆண்டுகள் அமைதியானவை அல்ல. 1977இலும், மீண்டும் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்திலும் தோட்டத் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. அஞ்சி வெளியேறிய குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறின. எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அங்கே மலையகக் குடும்பங்களைக் குடியமர்த்தி, பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலைகளை நடத்தியது. சப்ரகமுவ மாணவர்களுக்குக் கிடைத்த ஆதரவின் ஓர் அத்தியாயம் இவ்வாறு மாகாணத்துக்கு வெளியே எழுதப்பட்டது. அதுவும் நீடிக்கவில்லை. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார்.

அரசு ஏற்றபின் இலவசப் பாடநூலும் பின்னர் சீருடையும் வந்தன. சுவீடன் உதவியுடன் 1980களில் தோட்டப் பாடசாலை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஜெர்மன் உதவியால் கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாகி, தோட்டத்துப் பிள்ளைகளே பயிற்றப்பட்ட ஆசிரியராகும் வழி திறந்தது. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின் இப்பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் பலாங்கொடை, நிவித்திகலை, தெஹியோவிட்ட முதலிய கல்வி வலயங்களுக்கு உரியவையாயின. தமிழ்மொழிப் பாடசாலைகள் சிறுபான்மையாக உள்ள வலயங்களில் தமிழில் வழிகாட்டும் ஆசிரிய ஆலோசகர் கிடைப்பதே அரிது. 2010களின் நடுவில் நியமனம் பெற்ற ஆசிரியர் உதவியாளருக்கு மாதம் 6,000 ரூபா, பின்னர் 10,000 ரூபா கொடுப்பனவு. பஸ் கூலி போக அதில் மிஞ்சியதைச் சொல்லத் தேவையில்லை.

உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் தமிழில் படிக்க விரும்புவோர் ஹட்டனுக்கோ கண்டிக்கோ போய் விடுதியில் தங்குவதும், சிலர் அருகிலுள்ள முஸ்லிம் பாடசாலையில் சேர்வதும், வேறு பலர் முதலாம் வகுப்பிலிருந்தே சிங்கள மொழிமூலம் படிப்பதும் இம்மாகாணத்தில் வழக்கமாயின. சிங்களப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரைக் குறைசொல்வது எளிது. ஐந்தாம் வகுப்போடு முடியும் தமிழ்ப் பள்ளிக்கு அப்பால் அவர்களுக்கு வேறு பாதை இருந்ததா என்பதே கேள்வி. கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்ந்தபோது, அந்தத் தூரமும் பஸ் செலவும் சட்டத்தோடு சேர்ந்து மாறவில்லை.

அதே ஆண்டு மே 17ஆம் திகதி புளத்கொஹுபிட்டிய, களுப்பஹன தோட்டத்தில் மண்சரிவு லய வரிசையை மூடியது. அரநாயக்க மண்சரிவுப் பேரழிவும் அன்றே நிகழ்ந்தது. சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து குடும்பங்களை வேறிடம் மாற்றும்போது பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு நடப்பார்கள் என்ற கணக்கும் அன்றுமுதல் வீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தே எழுகிறது. தோட்டப் பாடசாலைகளுக்குத் தலா இரண்டு ஏக்கர் காணி ஒதுக்கும் முயற்சி, வே. இராதாகிருஷ்ணன் கல்வி இராஜாங்க அமைச்சராக இருந்த காலத்தில் முன்னெடுக்கப்பட்டது. அரசு பொறுப்பேற்றுப் பல்லாண்டு கடந்தும், பள்ளி நிற்கும் மண்ணைத் தோட்டக் கம்பனியிடம் கேட்டுப் பெறவேண்டிய நிலையே இருந்தது.