எல்லையில் தொலையும் குறுஞ்செய்திகள்

எங்கள் பக்கத்து ஆட்களிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வார்த்தையில் பதில் வராது. எனக்குப் பூப்பாறை. "போடிமெட்டு தாண்டி, இடுக்கி ஜில்லா, ஆனா வீட்டில தமிழ்தான்" என்று வால் சேர்க்க வேண்டும். என் மனைவிக்குக் கொழிஞ்சாம்பாறை. "பொள்ளாச்சியா?" என்பார்கள். "பக்கம்தான், ஆனா பாலக்காடு ஜில்லா." வெளிநாட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இந்த விளக்கம் தீரவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு வயது 1956 நவம்பர் 1-ல் இருந்து கணக்கு. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரிப் பக்கம் சென்னை மாநிலத்துக்குப் போனது. தமிழர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு நின்றன. மலபாரோடு சேர்ந்து பாலக்காடும் கேரளத்துக்கு வந்தது. அன்று போட்ட கோடு பிற்பாடு செல்போன் வரைக்கும் நீண்டதுதான் நான் சொல்ல வந்த கதை.

உலகின் முதல் எஸ்.எம்.எஸ். 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போனது. நீல் பாப்வொர்த் என்ற பொறியாளர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதையும் கம்ப்யூட்டரில்தான் தட்டினார். கேரளத்தில் செல்போன் 1996 செப்டம்பரில் வந்தது. கொச்சியில் முதலில் பேசியவர் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை. அரசு உரிமம் கொடுத்தது 'வட்டம்' வட்டமாக. கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு இன்னொரு வட்டம். மாநிலக் கோடே டவர்களின் கோடும் ஆயிற்று.

ஆனால் ரேடியோ அலைக்கு வாளையாறு செக்போஸ்ட் தெரியுமா? மாமியார் வீட்டுத் திண்ணையில் கேரள டவர், கொல்லைப்புறம் போனால் தமிழ்நாட்டு டவர். வீட்டை விட்டு நகராமலே ரோமிங்! வருகிற அழைப்புக்கும் காசு போகும். பி.எஸ்.என்.எல். 2015 ஜூன் 15 முதல் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கிய பிறகுதான் பலருக்கும் மூச்சு வந்தது.

அடுத்தது எழுத்துக் கணக்கு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும். யூனிகோடு தமிழில் 70 இடம்தான். அதிலும் 'யானை' என்பது நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, போனுக்கு நான்கு. துணைக்கால், ஐகாரக் கொம்பு எல்லாம் தனித்தனி இடம். எழுபதைத் தாண்டினால் செய்தியைத் துண்டாக்கி, துண்டுக்கு 67 இடம் வீதம் அனுப்பும். அம்மா நாலு வரி தமிழில் எழுதினால் மூன்று துண்டு. அந்தக் காலத்தில் எல்லோரும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியதற்கு, கட்டம் கட்டமாகத் தெரிந்தது மட்டும் காரணம் இல்லை!

இனி என் லினக்ஸ் பைத்தியத்துக்கு வருகிறேன். 2000-களின் நடுவிலேயே கேரளப் பள்ளிகளுக்குள் லினக்ஸ் வந்துவிட்டதால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது அந்நியம் இல்லை. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருதான். நான் சொல்வது முழு லினக்ஸையும் சட்டைப் பையில் வைக்கும் போன்களை. 2007-ல் ஓப்பன்மோகோ, 2009-ல் நோக்கியா என்900, 2020 வாக்கில் பைன்ஃபோன், லிப்ரெம் 5 என்று அந்த வரிசை போகிறது. அந்த ரகத்தில் ஒன்று என்னிடமும் உண்டு. ஊர்ச் செய்திகள் சில வரவே வராது. சில, மூன்று நாள் கழித்துக் கூட்டமாக வரும்.

துருவிப் பார்த்ததில் புரிந்தது இது. இப்படிப்பட்ட போனில் மோடம் என்பது தனிக் குட்டிக் கம்ப்யூட்டர். செய்தி முதலில் அதனிடம் வரும். அது "கிடைத்தது" என்று நெட்வொர்க்குக்குச் சொன்னதும் நெட்வொர்க் தன் கடமை முடிந்தது என்று விலகிவிடும். அப்போது போன் தூங்கிக்கொண்டிருந்து, மோடம் எழுப்பியும் எழாவிட்டால் செய்தி உள்ளேயே கிடக்கும். துண்டுகளில் ஒன்று வராவிட்டால், 'மோடம் மேனேஜர்' மற்றத் துண்டுகளை வைத்துக்கொண்டு காத்திருக்கும். பழையதை அழிக்காமல் சேமிப்பிடம் நிறைந்தால் புதியது நுழையாது.

ஆகவே இப்படிப்பட்ட போன் வைத்திருப்பவர்கள் முதலில் மோடத்தில் தங்கியுள்ள செய்திகளைக் கட்டளை வரியில் பட்டியலிட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் கோளாறு போனுக்குள், இல்லாவிட்டால் வெளியே. பழையதை அழியுங்கள். ஒரு நாள் போனைத் தூங்க விடாமல் வைத்துச் சோதியுங்கள். சிம்மில் செய்தி மையத்தின் எண் சரியா என்றும் பாருங்கள். அது தவறானால் நீங்கள் அனுப்புவது போகாது. வங்கி ஓ.டி.பி. வரும் இந்திய சிம்மை மட்டும் சாதாரண போனிலேயே போட்டு வையுங்கள்.

இதெல்லாம் வேலையற்ற வேலை என்று தோன்றலாம். எங்கள் மலைகளில் அப்படி இல்லை. பாலக்காட்டின் பரம்பிக்குளத்தை ஒட்டிய வால்பாறையில் யானை நிற்கும் இடத்தைத் தமிழிலேயே எஸ்.எம்.எஸ்.ஸாக அனுப்பும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆனந்தகுமார் குழுவினர் 2011-ல் தொடங்கினார்கள். அதற்காக 2015-ல் அவருக்கு விட்லி விருதும் கிடைத்தது. அந்தி நேரத்தில் பஸ் இறங்கி எஸ்டேட் லயத்துக்கு நடக்கும் ஒரு தொழிலாளிக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு என்ன என்று யோசியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்தில் வேர் உள்ள தமிழ்த் தோட்டக் குடும்பங்கள். மழையில் கரண்டும் இல்லை, போன் தொடர்பும் இல்லை. வெளியுலகுக்குத் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அந்த இரவில் எத்தனை நல்ல போன் இருந்தும் ஒரு வரி வெளியே போயிருக்காது.

அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். 'டெலிவர்டு' என்று வந்தால் மோடம் வரை போயிற்று என்றுதான் பொருள். அம்மா படித்தார் என்று பொருள் இல்லை. தமிழில் எழுபது இடத்துக்குள் சின்னதாக அனுப்புவோம். "சரி" என்று பதில் வரும்வரை போய்ச் சேராததாகவே வைத்துக்கொள்வோம். ஆடி மாதத்து மழையில் பதில் வராவிட்டால் பக்கத்து வீட்டு எண்ணும், கடைக்காரர் எண்ணும் கைவசம் இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி இரண்டு எண்களை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.