நெருப்பில் போட்டுப் பார்த்த காசு

பதிவு கொஞ்சம் நீளம். பழைய காசு வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், வீட்டு அலுமாரியில் மூத்தவாப்பாவின் காசு டப்பாவை இன்னும் வைத்திருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

அக்குறணையிலிருந்து கம்பளை வரைக்கும் நமது இளைஞர்கள் பலர் இப்போது ஒன்லைனில் பழைய நாணயக்குற்றிகள் விற்கிறார்கள். நல்ல தொழில்தான். வரலாற்றின் மீது ஆசை உள்ளவன்தான் அதில் நிலைப்பான். ஆனால் படத்துக்குக் கீழே எழுதப்படும் அந்த இரண்டு வரிகளைப் பார்க்கும்போது சில நேரம் மனம் கனக்கிறது. "கண்டி ராஜாவின் யானைக் காசு", "நபியவர்கள் காலத்துத் தீனார்", "கலிமா பொறித்த அபூர்வ நாணயம், பரக்கத்துக்கு வீட்டில் வைக்கலாம்". வரலாறு படிப்பிப்பதால் மாணவர்கள் போனைக் கொண்டுவந்து காட்டி, "சேர், இது உண்மையா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கும் எழுதுகிறேன்.

கண்டி இராச்சியத்தில் காசு எப்படிப் புழங்கியது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாப் பக்கம் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பும் வரை மலைநாட்டில் இருந்தவர். உடுநுவரையில் எலதெத்தவில் காணி வாங்கிக் குடியிருந்தார். தொப்பி பின்னி விற்றார், ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோய் வியாபாரம் செய்தார், நெல் கடன் கொடுத்தார். ஆகவே காசைப் பற்றி அவர் எழுதியது ஒரு வியாபாரியின் கண்ணால் பார்த்து எழுதியது.

அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளியானது. அதில் மூன்று வகைக் காசுகளைச் சொல்கிறார். ஒன்று போர்த்துக்கேயர் அடித்தது. இன்னொன்று பணம் என்ற மிகச் சிறிய காசு, எழுபத்தைந்து சேர்ந்தால்தான் ஒரு ஸ்பானிய டொலர். இது அரசனுடைய சொந்தக் காசு, வேறு யாராவது அடித்தால் மரண தண்டனை. மூன்றாவதுதான் விசித்திரமானது: தூண்டில் கொக்கி போல வளைத்த வெள்ளிக் கம்பி. இதை யாரும் செய்யலாம், அரசனின் அனுமதி இருந்தது. அதன் மேல் விரும்பிய அடையாளத்தைக் குத்திக்கொள்ளலாம்.

யார் வேண்டுமானாலும் காசு செய்யலாம் என்றால் ஏமாற்று பெருகாதா? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெள்ளியில் சந்தேகம் வந்தால் காசைச் செக்கச் சிவக்க நெருப்பில் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெள்ளையாக வந்தால் செல்லும், இல்லாவிட்டால் செல்லாது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. செம்பு கலந்த வெள்ளியைச் சூடாக்கினால் செம்பு கறுத்து மேலே வந்துவிடும், சுத்த வெள்ளி கறுக்காது. அந்தக் கொக்கிக் காசின் வெள்ளி ஸ்பானிய டொலரின் வெள்ளியை விடச் சுத்தமானது என்கிறார் நொக்ஸ். அரச முத்திரை கட்டாயமில்லாத ஒரு காசு, முத்திரை உள்ள காசை விட நேர்மையாக இருந்திருக்கிறது.

அந்தக் கொக்கிக் காசுக்கு லாரின் என்று பெயர். பாரசீகத்தின் லார் நகரத்திலிருந்து வந்த பெயர். வளைகுடாவிலும் இந்தியாவின் மேற்குக் கரையிலும் புழங்கி, கடல் வழியாக இங்கு வந்தது. மலைநாட்டில் உப்பும் கருவாடும் ஏற்றிவந்து பாக்கு ஏற்றிச்சென்ற தவளம் மாட்டுப் பொதிகளில் நமது முன்னோர்களின் பங்கு பெரியது. மடிகே என்று இன்றும் சொல்லப்படும் ஊர்கள் அந்தப் போக்குவரத்துச் சேவையின் மிச்சம்தான். வெளிநாட்டு லாரின்களில் அரபு எழுத்தில் ஆட்சியாளர் பெயர் இருக்கும். இங்கே செய்தவற்றில் பெரும்பாலும் அந்த எழுத்தைப் பார்த்துக் கீறிய கோடுகள்தான், வாசிக்க முடியாது. அதைப் போட்டுவிட்டு "கலிமா" என்று எழுதுவது துணிச்சல்.

கண்டியார் செய்த லாரினும் ஒரு நகல்தானே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தென்னிலங்கையில் கிடைக்கும் ரோமச் செப்புக்காசுகளிலும் ஏராளமானவை ரோமில் செய்தவையல்ல, அவற்றைப் பார்த்து இங்கேயே செய்தவை. சில்லறைக்குத் தட்டுப்பாடு, செய்துகொண்டார்கள். வாங்கியவனும் கொடுத்தவனும் அது என்னவென்று அறிந்தே புழங்கினார்கள். நகல் செய்வதில் பொய் இல்லை, இன்றைக்கும் "இது நகல்" என்று சொல்லி விற்கலாம். அந்த ஒரு சொல்லை விழுங்கும்போதுதான் பொய் வருகிறது.

இனி அந்தத் தலைப்புகளுக்கு வருவோம். யானைக் காசு என்று போடுவது பெரும்பாலும் 1815 என்று ஆண்டு பொறித்த செப்பு ஸ்டைவர். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மூன்றாம் ஜோர்ஜின் தலை. கண்டியைப் பிடித்தவனின் காசு அது! மறுபக்கத்தைப் படம் பிடிக்காமல் விட்டால் ராஜாவின் காசாகிவிடுமா?

"நபியவர்கள் காலத்துத் தீனார்" இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஈமானை வைத்து வியாபாரம் நடக்கிறது. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஹிஜாஸில் புழங்கியவை பைசாந்தியத் தங்கக் காசும் பாரசீக ஸாஸானிய வெள்ளிக் காசும். உருவம் எதுவுமின்றி எழுத்து மட்டும் பொறித்த தீனாரை முதலில் வெளியிட்டவர் கலீபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77இல். நபியவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 11இல். இடையில் அறுபத்தாறு வருடம். ஆகவே கலிமா மட்டும் உள்ள ஒரு தீனாரை நபியவர்கள் காலத்தது என்றால், காசைக் கையில் எடுக்காமலே பொய் என்று சொல்லலாம். இந்தியாவில் இதே கதை அனுமார் உருவத்தோடு நடக்கிறது. 1818 என்றும் கிழக்கிந்தியக் கம்பனி என்றும் பொறித்து இலட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். கம்பனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பழைய காசை வாங்கித் தருகிறோம், விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டி வந்தது.

ஒன்லைனில் வாங்குபவன் காசை நெருப்பில் போட முடியாது. (வாங்கிய பிறகும் போட்டுவிடாதீர்கள்! புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்புப் போய்விடும்.) அவனுக்குக் கிடைப்பது ஒரு படமும் விற்பவனின் வார்த்தையும் மட்டுமே. அதனால் எடை எத்தனை கிராம், இரண்டு பக்கமும் விளிம்பும் எப்படி இருக்கின்றன, தேய்த்துக் கழுவியதா, எங்கிருந்து கிடைத்தது என்பதை எல்லாம் விற்பவன்தான் சொல்ல வேண்டும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபியவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். காசின் ஈரப் பக்கம் அதன் விளிம்பு. வார்ப்பில் செய்த போலியின் பொருத்துக்கோடு அங்கேதான் தெரியும், படத்தில் அநேகமாக இல்லாததும் அதுதான்.

ஏலத்தில் நண்பனை வைத்து விலையை ஏற்றுவதும் நடக்கிறது. வாங்கும் எண்ணமின்றி விலையைக் கூட்டிக் கேட்பதற்கு ஹதீஸில் நஜ்ஷ் என்று பெயர், தடுக்கப்பட்டது. பதினான்கு நூற்றாண்டுக்கு முன்பே பெயர் வைக்கப்பட்ட மோசடி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் போலித் திர்ஹம் பற்றி எழுதிய பகுதியை இந்த வியாபாரத்தில் உள்ளவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஒரு போலித் திர்ஹத்தைச் செலவழிப்பது நூறு திர்ஹம் திருடுவதை விடக் கடுமையானது என்ற ஒரு கூற்றை எடுத்துச் சொல்கிறார். திருட்டு ஒரு தடவையோடு முடிந்துவிடும். போலிக் காசோ கை மாறிக் கை மாறிப் போகும், கொடுத்தவன் மௌத்தான பிறகும் அவன் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்று கைக்கு வந்தால் யாருடைய கையும் எட்டாதபடி கிணற்றில் எறிந்துவிடு என்கிறார். 1111இல் மறைந்தவர் எழுதியது. "தெரியாமல் வாங்கிவிட்டேன், என் சல்லியையாவது எடுக்க வேண்டாமா" என்று அடுத்தவனிடம் தள்ளிவிடும் சகோதரருக்கு நேரடியாகச் சொன்னது போல இருக்கிறது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் எது தொல்பொருள் என்பதற்கு வைத்திருக்கும் எல்லை நாள் 1815 மார்ச் 2. மகுல் மடுவத்தில் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாள். அதற்கு முந்திய நாணயங்களும் அதில் அடங்கும். மண்ணிலிருந்து எடுப்பது காணிக்காரனுக்குச் சொந்தமில்லை, அரசுக்குரியது. அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. வளவு தோண்டி எடுத்த லாரினை "மூத்தவாப்பாவுடையது" என்று போடுபவர் இரண்டு பொய் சொல்கிறார்.

இதுவரை விற்பவனைப் பற்றியே எழுதினேன். வாங்குபவனின் மோசடி இதை விட அமைதியானது. கணவனை இழந்த ஒரு தாய் டப்பாவைத் திறந்து காட்டுகிறாள். பார்த்தவுடனே எது பெறுமதி என்று அவனுக்குத் தெரியும். "இதெல்லாம் பழைய இரும்பு விலைதான் உம்மா" என்று மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், மறுநாள் ஒன்றை மட்டும் விற்றே போட்ட பணத்தை எடுத்துவிடுகிறான். சந்தை விலை தெரியாமல் வரும் ஒட்டகப் பொதிக்காரரை வழியிலேயே மறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்டால் வியாபாரத்தை முறிக்கும் உரிமையையும் அவருக்குக் கொடுத்தார்கள். நமது ஊர்களில் அந்த உரிமையைக் கேட்டுப் போன ஓர் உம்மாவையும் நான் இன்னும் காணவில்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதாக அவர்களுக்கு யாரும் சொன்னதாகவும் தெரியவில்லை.