குடவோலையும் வாக்குப்பொறியும்

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைப்பன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சபையார் முன்னிலையில் ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வோலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசித்தல் வேண்டும் என்பது விதி. இது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டே. எனினும், கரவின்மையை யாவரும் கண்ணாற் காணவேண்டும் என்னும் கருத்து இதன்கண் உண்டு. இந்திய வாக்குப்பொறியின் வரலாற்றை இவ்வளவுகோல் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

இப்பொறி ஓர் உட்பொதி கணினி. அஃதாவது, மேசைக் கணினிபோற் பல தொழில் புரியாது, ஒரு தொழிலுக்கென்றே கருவியொன்றினுள் அடக்கப்பட்ட சிறு கணினி. சலவைப் பொறியிலும் மோட்டார் வண்டியிலும் அமைவது இவ்வினமே. வாக்குப்பொறியில் அதிகாரியிடம் ஓர் அலகும் வாக்காளரிடம் ஓர் அலகும் வடத்தால் இணைந்துள்ளன. அதிகாரி ஒருமுறை இசைவளித்தால் ஒரு வாக்கே பதியும். மின்வசதியில்லாச் சிற்றூர்க்கும் ஏற்ப இது மின்கலத்தால் இயங்கும். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதன் ஆக்கத்திற் பெரும்பங்கு கொண்டவர், சுஜாதா என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற எழுத்தாளர் எஸ். ரங்கராஜன் ஆவர்.

1982 மே மாதத்திற் கேரளத்துப் பறவூர்த் தொகுதியின் 50 வாக்களிப்பு நிலையங்களில் இப்பொறி முதன்முதற் பயன்பட்டது. தோல்வியுற்ற வேட்பாளர் வழக்குத் தொடுத்தார். 1984இல் இந்திய உச்ச நீதிமன்றம், அந்நிலையங்களில் மீண்டும் வாக்கெடுக்க ஆணையிட்டது. பொறி பிழைத்தது என்பதன்று காரணம். சட்டம் வாக்குச்சீட்டையன்றிப் பொறியைக் கருதவில்லை என்பதே. 1988இற் சட்டந் திருத்தப்பட்டது. 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் எல்லாத் தொகுதிகளிலும் பொறிகளாலேயே நடைபெற்றது.

எனினும், சில்லினுள் நிகழ்வதை வாக்காளர் எங்ஙனம் காண்பர்? சட்டம் இசைந்தும் ஐயம் அகலவில்லை. நேர்மையான தேர்தலுக்குத் தாட்சான்று இன்றியமையாதது என 2013இல் அந்நீதிமன்றமே தீர்த்தது. அதன்படி அமைந்த கருவியில், வாக்களித்தவர் தெரிந்த வேட்பாளரின் பெயரும் சின்னமும் பொறித்த சீட்டு ஏழு விநாடி கண்ணாடியூடே தோன்றிப் பெட்டியுள் விழும். 2019 மக்களவைத் தேர்தலில் இது நாடெங்கும் வழங்கிற்று.

நம் இலங்கையில் இன்றும் வாக்குச்சீட்டே உள்ளது. நாளை நம் மாணவர் இத்தகு கருவிகளை அமைக்கப் புகுவராயின் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கருவியைப் பிழையின்றி இயக்குதல் கடமையிற் பாதியே. அப்பிழையின்மையைக் கல்லாதாரும் காணச் செய்தல் மறுபாதி. உத்திரமேரூரில் விரிந்த ஐவிரல்கள் கற்பிக்கும் பாடம் இதுவே.