நடுவூரும் புறஞ்சேரியும்



ஓமந்தூர் என்ற பெயர் திண்டிவனத்துக்கு அருகில் மட்டுமல்ல, சென்னையின் நடுவிலும் இருக்கிறது. 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் பெயரில் அண்ணா சாலையில் அரசினர் தோட்டம் உள்ளது. கோயில் நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில், 1947இல் வந்தவை. அந்தப் பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கோயில் கதவைத் திறந்த சட்டம், ஊருக்கும் சேரிக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்கவில்லை.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அரசியல் சட்டத்தின் அலகாகக் கொண்டதை வரவேற்றார். தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து சென்னைக்கு ரயிலேறிய நம் மக்கள் தேடியதும் அதைத்தான்: சாதி கேட்காத ஒரு தெரு, அன்றாடம் கூலி கிடைக்கும் ஓர் இடம். அந்த இடம் நகரின் நடுவில்தான் இருந்தது. துறைமுகம், சந்தை, ஆஸ்பத்திரி, சென்ட்ரல் ரயிலடி எல்லாம் நடந்தே போகும் தூரம். எனவே கூவக் கரையில் குடிசை போட்டார்கள்.

அந்த நடுநகரை அரசு எப்படித் திட்டமிட்டது? ஓமந்தூரார் தோட்டத்தையே பாருங்கள். கவர்னர்கள் வாழ்ந்த வளாகத்தில் 2010 மார்ச்சில் புதிய சட்டமன்றம் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியதும் சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அதே கட்டடம் பல்நோக்கு மருத்துவமனை ஆனது. நல்லதுதான், ஏழைகளுக்குப் பயன்படுகிறது. ஒரு கட்டடத்துக்கு நான்கே ஆண்டுகளில் வேறு வாழ்வு கொடுக்க அரசால் முடிந்தது.

அதே கூவக் கரையில், தீவுத்திடலுக்கு அருகே இன்னொரு பெயர் இருந்தது: சத்தியவாணி முத்து நகர். 1967இல் அமைச்சரான, 1974இல் தி.மு.க.விலிருந்து விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்ட நம் தலைவரின் பெயர் அது. ஆற்றைச் சீரமைப்பதாகச் சொல்லி 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நடுவில், அங்கே வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. வேலையும் பள்ளியும் இருந்த இடத்துக்கு இப்போது 25 கிலோமீட்டருக்கு மேல் பேருந்துப் பயணம். ஓமந்தூரார் பெயர் நடுநகரில் நிலைத்தது. சத்தியவாணி முத்துவின் பெயர் தாங்கிய தெருக்கள் தரைமட்டமாயின.

சட்டம் இல்லாமலில்லை. குடிசைப் பகுதிகள் சட்டம் 1971இல் வந்தது. அதன்படி அறிவிக்கப்பட்ட பகுதியில் வாழ்வோரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் புதிதாக ஒன்றும் அறிவிக்கப்படவில்லை. பட்டியலில் ஏறாதவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித்தந்த வாரியம், 2000 முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகருக்கு வெளியே குடியேற்றியது. மதுரைக்கு வந்த கண்ணகி முதலில் தங்கியது மதிலுக்கு வெளியே, புறஞ்சேரியில். அவள் பெயரிட்ட குடியிருப்பும் நகருக்கு வெளியேதான் அமைந்தது.

கிராமத்தில் சேரியை வெளியே வைத்தது சாதி வழக்கம். நகரத்தில் அந்த வேலையைத் திட்டவரைபடம் செய்கிறது. வெளியேற்றப்பட்டவர்களில் தலித்துகளே பெரும்பகுதி என்பது தற்செயலா?

இப்போது சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. நம் கோரிக்கைகள் மூன்று. எஞ்சிய பகுதிகளை 1971 சட்டத்தின்படி அறிவியுங்கள். வீடு கட்டித்தருவதானால் இருந்த இடத்திலேயே, இல்லையேல் நடந்துபோகும் தூரத்தில் கட்டுங்கள். இடிப்பதற்கு முன், திட்டமிடும் மேசையில் அங்கு வாழ்வோரையும் உட்காரவையுங்கள். நடுநகரைக் கூட்டிச் சுத்தம் செய்பவர்களுக்கு அங்கே வாழவும் உரிமை உண்டு.