ஜன்னலை மூடியது யார்?

போன வருஷம் மாமாவுக்கு உடம்பு சரியில்லாமல் பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். முதல் ஆறு நாள் பழைய கட்டடத்தில். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை, இரண்டு பக்கமும் ஆள் உயர ஜன்னல்கள், ஜன்னலில் காக்கா. அப்புறம் புது பிளாக்குக்கு மாற்றினார்கள். ஏசி, டைல்ஸ், டிவி எல்லாம் உண்டு. அடுத்த கட்டிலில் இருந்தவர் ராத்திரி பூரா இருமிக்கொண்டே இருந்தார். "சிஸ்டர், ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா?" என்று கேட்டேன். "அது திறக்காது தம்பி, அப்படியே ஃபிக்ஸ் பண்ணினது" என்றார்.

பி.காம். படிக்கிறவனுக்கு ஜன்னலைப் பற்றி என்ன கவலை என்கிறீர்களா? அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான் :-) முன்னால் கட்டியவர்கள் ஏன் அத்தனை பெரிய ஜன்னல் வைத்தார்கள், பின்னால் கட்டியவர்கள் ஏன் அதை எடுத்துவிட்டார்கள் என்ற கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்தது. தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கதை நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்தில் அறிமுகமான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் ஆரம்பிக்கிறது. கிரிமியப் போரின்போது 1854 நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். அந்தக் குளிர்காலத்தில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே மிக அதிகம். 1855 பிப்ரவரியில் அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைக் கழுவிவிட்டது, காற்று வர வழி செய்தது. ஜூனில் அந்த எண்ணிக்கை இரண்டு சொச்சமாக இறங்கியது. (இதில் பெரும்பங்கு சாக்கடைக்கும் தண்ணீருக்கும் போக வேண்டியது. காலரா, பேதி எல்லாம் ஜன்னல் திறந்தால் போகிற நோய்கள் இல்லை.)

ஊர் திரும்பிய நைட்டிங்கேல் 1859ல் ஆஸ்பத்திரிக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு புத்தகமே எழுதினார். நீளமான வார்டு, எதிரெதிர் சுவர்களில் உயரமான ஜன்னல்கள், இரண்டு கட்டிலுக்குக் குறைந்தது ஒரு ஜன்னல், ஒரு வார்டின் காற்று இன்னொரு வார்டுக்குள் போகாதபடி இடைவெளி. லண்டனில் பார்லிமெண்டுக்கு எதிர்க்கரையில் 1871ல் திறந்த செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி இந்த மாதிரியில் கட்டியதுதான். பிரிட்டிஷார் ஆண்ட ஊர்களுக்கும் இந்த பாணி பரவியது. நம் ஊர் பழைய வார்டுகளின் நீள ஜன்னல்கள் அந்த வம்சம்தான்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனைக்கும் அவர் நம்பிய தியரி தப்பு. அழுக்கிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோயை உண்டாக்குகிறது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. கிருமி என்ற பேச்சையே அவர் அப்போது ஏற்கவில்லை. தப்பான காரணத்துக்காகச் சரியான ஜன்னலை வைத்துவிட்டார்!

அடுத்து வந்தவர்களிடம் சரியான தியரி இருந்தது. பாஸ்டர், காக் எல்லாம் வந்து கிருமியைக் காட்டியபின், கெட்ட காற்றுக் கொள்கையைக் குழிதோண்டிப் புதைப்பது டாக்டர்களுக்கு ஒரு கடமையாகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரச் சுகாதார அதிகாரி சார்லஸ் சாப்பின் 1910ல் எழுதிய புத்தகம் இதில் முக்கியமானது. நோய் தொடுவதாலும் நெருங்கிப் பழகுவதாலும்தான் பரவுகிறது, காற்றில் பரவுவது பெரிய விஷயமில்லை என்றார். காற்றில் வரும் என்று சொன்னால் ஜனங்கள் கை கழுவுவதைக்கூட விட்டுவிடுவார்கள் என்பது அவர் பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்தக் கருத்து அரை நூற்றாண்டுக்கு மேல் வேதவாக்காகிவிட்டது. பின்னாடியே பென்சிலின், ஸ்ட்ரெப்டோமைசின், ஏசி எல்லாம் வந்தன. மருந்து இருக்கும்போது ஜன்னல் எதற்கு?

இதை எதிர்த்து நின்றவர் வில்லியம் வெல்ஸ். டாக்டர் இல்லை, சுகாதாரப் பொறியாளர். 1934ல் அவர் காட்டியது இதுதான்: இருமும்போது தெறிக்கும் பெரிய துளி தரையில் விழுந்துவிடும். சின்னத் துளி விழுவதற்குள் காய்ந்து, மிச்சமிருக்கும் நுண்ணிய துணுக்கு மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். கிருமி அதில் சவாரி செய்யும். யாரும் எளிதில் நம்பவில்லை.

கடைசியில் ரிச்சர்ட் ரைலி என்ற டாக்டரோடு சேர்ந்து பால்டிமோர் ஆஸ்பத்திரி ஒன்றில் 1950களின் பின்பாதியில் ஒரு சோதனை தொடங்கினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆறு கட்டில் கொண்ட காசநோய் வார்டு. அதன் காற்றை முழுக்கக் குழாய் வழியாக மாடிக்கு இழுத்து, அங்கே கூண்டுகளில் இருந்த சுமார் 150 கினிப்பன்றிகளை அந்தக் காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளியை அவை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தொடவில்லை, பக்கத்தில் போகவில்லை. ஆனாலும் மாதத்துக்குச் சராசரியாக மூன்று கினிப்பன்றிகளுக்கு டி.பி. தொற்றியது. அடுத்த கட்டத்தில் அதே காற்றில் ஒரு பகுதியைப் புற ஊதாக் கதிர் காட்டி வேறொரு கூட்டத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்றுக்குக்கூடத் தொற்றவில்லை. 1962க்குள் முடிவுகள் வெளிவந்தன. 1963ல் வெல்ஸ் இறந்துபோனார். டி.பி. காற்றில் பரவும் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. மற்ற நோய்களுக்கு வாதம் தொடர்ந்தது. 2020 மார்ச்சில்கூட உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவாது என்று ட்விட்டரில் அடித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அதை மாற்றிக்கொள்ள எவ்வளவு நாளானது என்பதும் ஞாபகம் இருக்கும்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். பெரு நாட்டின் லிமா நகரில் ராட் எஸ்கோம்ப் என்ற டாக்டரின் குழு எட்டு ஆஸ்பத்திரிகளில் 70 அறைகளை அளந்தது. அறைக்குள் கார்பன்-டை-ஆக்சைடைக் கலந்துவிட்டு, ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தார்கள். 2007ல் வெளியான கணக்கு இது. தொற்று அபாயமுள்ள அறைக்கு மெஷின் மூலம் தரச்சொல்லும் காற்று மாற்றம் மணிக்கு 12 தடவை. ஜன்னல், கதவைத் திறந்துவிட்டால் 28 தடவை. அதிலும் புதுக் கட்டட அறைகளில் 17, 1950க்கு முந்தைய உயரக் கூரைக் கட்டடங்களில் 40! சிகிச்சை எடுக்காத டி.பி. நோயாளியோடு 24 மணி நேரம் இருந்தால் எத்தனை பேருக்குத் தொற்றும் என்றும் சூத்திரம் போட்டுப் பார்த்தார்கள். (வெல்ஸ், ரைலி பெயரில் உள்ள சூத்திரமேதான்.) மெஷின் காற்று அறையில் நூற்றுக்கு 39 பேர், புதுக் கட்டடத்தில் ஜன்னல் திறந்திருந்தால் 33, பழைய கட்டடத்தில் 11.

காமர்ஸ் மாணவனாக இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஏசிக்கு விற்பனைப் பிரதிநிதி உண்டு, வருஷாந்திர மெயின்டனன்ஸ் ஒப்பந்தம் உண்டு, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. திறந்த ஜன்னலுக்கு இன்வாய்ஸ் போட முடியாது. அதற்காகப் பேச டெண்டரில் ஆள் இல்லை. அதே சமயம் மே மாத வெயிலில், கொசுவோடு, ஆபரேஷன் ஆன ஒருவரைத் திறந்த ஜன்னலருகில் படுக்க வை என்று நான் சொல்ல மாட்டேன். குளிர் தேசத்தில் ராத்திரி எல்லோரும் மூடிவிடத்தான் செய்வார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வடிகட்டிய காற்று வேண்டும். எனக்குப் புரியாதது, திறக்கவே முடியாத ஜன்னலை ஏன் வைக்கிறார்கள் என்பதுதான். 2009லேயே உலக சுகாதார நிறுவனம் இயற்கைக் காற்றோட்டத்துக்கென்று தனி வழிகாட்டி போட்டு, காற்றில் பரவும் நோயாளி அறைக்கு ஒருவருக்கு நொடிக்கு 160 லிட்டர் காற்று என்று கணக்கும் கொடுத்திருக்கிறது.

மாமா டிஸ்சார்ஜ் ஆன அன்று, பழைய வார்டில் விட்டுவிட்டு வந்த ஃபிளாஸ்கை எடுக்கப் போனேன். ஜன்னல்களை எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. ஒன்றில் கொக்கி உடைந்திருந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க யாரோ பழைய துணியால் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள்.