கோட்டை மருந்தின் கதை

கோணேசப் பெருமானை வழிபடச் சுவாமிமலைக்குச் செல்லும் நாம் அனைவரும் கோட்டை வாயிலைக் கடந்தே செல்லுகின்றோம். வாயிற் கல்லிலே பொறித்த இணைக்கயலைப் பெரியோர் பிள்ளைகளுக்குக் காட்டுவர். பீரங்கியைக் கண்டாற் பிள்ளைகள் தாமாகவே ஓடிச்சென்று தடவிப் பார்ப்பர். ஆனால் அப்பீரங்கிகளுக்கு இரையாய் இருந்த கரிய மருந்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அது எங்கிருந்து வந்தது? பழுதானபின் அதனை என்ன செய்தார்கள்? இம்மலரிலே அதனைச் சிறிது நோக்குவோம்.

1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்ததும், அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டியதும் நம்மவர் அறிந்த துயரக் கதை. 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 தை மாதத்தில் ஆங்கிலேயர் வந்தனர்; அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியிற் சுப்பிரேன் என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி அவர்களை வெளியேற்றினான். பின்னர் உடன்படிக்கையால் ஒல்லாந்தருக்கு மீண்டது. 1795 ஆகஸ்டில் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய கோட்டையிலே, கிடங்கில் எஞ்சிய மருந்தும் வென்றவனுக்கே உரியதாகும். பீப்பாய்களை எண்ணுவது எளிது. உள்ளே இருப்பது எத்தனை மாரிகாலம் கண்ட மருந்து என்பதை அறிவதுதான் கடினம்.

மருந்திலே முக்காற் பங்கு வெடியுப்பு. மிகுதி கரியும் கந்தகமும். கரி ஈரத்தை உறிஞ்சும். வெடியுப்பு முற்றாகத் தூய்மை செய்யப்படாவிடின், அதிற் கலந்துள்ள கறியுப்பும் ஈரத்தை இழுக்கும். எமது ஊரின் கடற்காற்றையும், ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் வாடைமழையையும் எண்ணிப் பார்த்தால், திருக்கோணமலையில் மருந்து காத்தவனின் பாடு விளங்கும். அடுக்களையில் உப்புச் சாடி கசிவதை நாம் காண்கிறோமன்றோ? அதே கசிவுதான். ஈரம் ஏறிய மருந்து கட்டிபட்டுப் போகும்; உள்ளிருந்த உப்பு வெளியே பூத்து வெண்மையாய்ப் படியும். அப்பால் அது சீறிப் புகையுமேயன்றிக் குண்டை எறியாது.

ஆதலின் காவல் கடுமையாயிருந்தது. ஆங்கிலேயப் படையில் நூறு இறாத்தல் கொள்ளும் பீப்பாயில் தொண்ணூறு இறாத்தலே இடுவர்; பீப்பாயை உருட்டிப் புரட்டும்போது மருந்து அசைந்து கட்டிபடாதிருக்க அவ்வெற்றிடம் வேண்டும். தீப்பொறிக்கு அஞ்சி மரத்தாலும் செம்பாலுமே பட்டமிட்டனர். கிடங்கினுள் இரும்பு ஆணியடித்த சப்பாத்துடன் போக இடமில்லை. இவ்வச்சம் வீணானதன்று. 1654 ஐப்பசியில் ஒல்லாந்தரின் டெல்வ்ற் நகரிலே மருந்துக் கிடங்கு வெடித்து நகரின் பெரும்பகுதி நொறுங்கியது. பபிறிற்சியசு என்னும் புகழ்பெற்ற ஓவியரும் மாண்டார். மாதிரி பார்ப்பதற்காகக் கிடங்கைத் திறந்தபோதே அது நிகழ்ந்ததென்பர்.

இனி, பழுதான மருந்தை என் செய்வது? சிறிது ஈரமானால் வெயிலில் உலர்த்தி மீண்டும் கொள்வர். நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் ஈரம் ஏறினால் உலர்த்திப் பயனில்லை, ஆலைக்கு அனுப்பித் திரும்பச் செய்யவேண்டும் என்று அமெரிக்கப் படையின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையேடு கூறும். வலுக்குறைந்ததை மரியாதை வேட்டுக்கு ஒதுக்குவதும் உண்டு. விருந்தினரை வரவேற்கச் சத்தம் போதுமே! கடல்நீர் பட்டதோ ஒன்றுக்கும் உதவாது. அதிலிருந்து வெடியுப்பை மட்டும் மீட்பர். வெடியுப்பு நீரிற் கரையும். கரியும் கந்தகமும் கரையா. கரைத்து, வடித்து, காய்ச்சினால் உப்பு மிஞ்சும்.

இதற்கு ஏன் இத்தனை பாடு என்று இளைஞர் கேட்கலாம். வெடியுப்பு அக்காலத்தில் அத்துணை அருமையானது. ஒல்லாந்தக் கும்பனியும் ஆங்கிலக் கும்பனியும் பீகார் நாட்டு வெடியுப்பைக் கப்பல் கப்பலாக ஏற்றின. 1780ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்து அரச மருந்தாலைகளைத் திருத்தியமைத்த வில்லியம் கொங்கிறீவ், பழுதான மருந்திலிருந்து உப்பை மீட்டதால் அரசுக்கு மிஞ்சிய பணத்தைப் பின்னர் கணக்குக் காட்டி நூலே வெளியிட்டார். (ரொக்கற் புகழ் கொங்கிறீவ் இவருடைய மகன்.)

எமது நாட்டாரும் இத்தொழிலை அறியாதவரல்லர். கண்டி நாட்டு மலைக்குகைகளில் வௌவாலின் எச்சம் படிந்த மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்ததை, 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்த மருத்துவர் யோன் டேவி நேரிற் கண்டு எழுதியுள்ளார். வன்னியிலும் எமது மாவட்டக் காட்டோரக் கிராமங்களிலும் பெரியோர் நினைவில் உள்ள இடியன் துவக்கு அம்மரபின் வழிவந்ததே. மருந்தைக் குழல் வாயிலிட்டு இடித்து இறுக்குவதால் அப்பெயர். நமைத்த மருந்து அதிற் பற்றாமற் போனால் வேட்டைக்காரன் வெறுங்கையோடு வீடு திரும்புவான், அவ்வளவே.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றத்தைக் கவனிக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படை கோடைற் என்னும் புகையில்லா மருந்தை ஏற்றது. கரிமருந்து ஈரமேறினால் வலுவிழக்கும். புகையில்லா மருந்து மூப்படைந்தால் தன்னுள்ளே சிதைந்து சூடேறி, நெருப்பு வைப்பாரின்றியே பற்றக்கூடும். 1907இல் பிரான்சின் தூலோன் துறையிலே இயேனா என்ற போர்க்கப்பலும், 1911இல் அதே துறையிலே லிபேற்றே என்ற கப்பலும் இத்தகைய பழைய மருந்தாலேயே வெடித்து அழிந்தன. பழையதென்றால் அடங்கியது என்று பாட்டன்மார் கரிமருந்திற் கற்ற பாடம் இம்மருந்துக்குப் பொருந்தவில்லை. மேலும், தோட்டாவிலிருந்து கொட்டிய புகையில்லா மருந்தை இடியன் துவக்கில் இட்டால், அதன் அழுத்தத்தைத் தாங்காது குழலே பிளந்து சுடுபவன் முகத்திற் பாயும்.

எமது துறைமுகத்தைச் சுற்றி இவ்வகைப் பொருள் விழுந்ததற்குக் குறைவில்லை. 1942 ஏப்பிரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு பொழிந்தன. ஆங்கிலேயர் 1957இல் தளத்தை ஒப்படைத்துச் சென்றனர். பின்னர் 2009 வரை நீண்ட உள்நாட்டுப் போர் காட்டிலும் கரையிலும் தன் மிச்சங்களை விட்டது. காவலோடு அடுக்கிய கிடங்குகூட என்ன ஆகும் என்பதை 2016 ஆனி 5ஆம் நாள் கொஸ்கமவின் சாலாவ இராணுவக் கிடங்கு காட்டியது. சூழ இருந்த ஊரவர் வீடு வாசலை விட்டு ஓடவேண்டியதாயிற்று.

ஆயினும் கண்டெடுத்த மருந்தை வீணாக்கலாமா என்று எண்ணுவோர் இன்னும் உளர். சிலர் அதனைப் பன்றிவெடி ஆக்குகின்றனர். பன்றிக்கு வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் கிழிந்து, உணவின்றிப் பலநாள் வதைபட்டுச் சாகின்றது. சிலர் கடலில் வெடிவைத்து மீன் பிடிக்கின்றனர். 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் அதனைத் தடுத்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, குஞ்சும் பாரும் சிதைந்த இடத்தில் மறுபருவம் வலைக்கு என்ன அகப்படும்? கையிழந்த மீனவர் கதையைக் கரையோர ஊர்களிற் கேட்டறியலாம்.

கொங்கிறீவின் காலத்தில் பழைய மருந்துக்கு விலை இருந்தது. இன்று துருப்பிடித்த தோட்டாவையோ குண்டையோ கண்டவர், தொடாமல் இடத்தை நினைவில் வைத்துப் பொலிசாருக்கோ கடற்படையினருக்கோ அறிவித்தாற் போதும். அதற்கெனப் பயின்றவர் வந்து, ஆளில்லா இடத்தில் வெடிக்கச் செய்து அழித்துவிடுவர்.